மாண்ட்ரியலில் ஒரு கூடுதுறை

ஜார்ஜியாவைப் பற்றி எனக்குப் பதினாறு பக்கம் தெரியும். பவானி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வாங்கி, விமானத்தில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பீச் பழம் விளையும், பருத்தி விளையும், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அந்த ஆற்றில் ஒரு காலத்தில் நீராவிப் படகு ஓடியது, எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் ஒருமுறை ஒப்பித்தும் காட்டினேன். அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்றால், எல்லாம் என் தங்கச்சி மகள் கீர்த்தனாவால்தான். மாண்ட்ரியலில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஒரு ஜார்ஜியா நாட்டுப் பையனைச் சொல்லிவிட்டாள். பேர் கியா. மண் பற்றிய ஆராய்ச்சி படிக்கிறான். அவனுடைய அப்பா ஒரு வாரம் வந்து தங்குகிறார், பெண் வீட்டிலிருந்தும் ஆள் வந்தால் பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. கீர்த்தனாவுக்கு அப்பா இல்லை. அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது என் மச்சான் போய்ச் சேர்ந்தார். தங்கச்சிக்கு முழங்கால் வலி. மிச்சம் தாய்மாமன் நான்தான்.

"வெத்தலை பாக்கு மாத்தாம ஊருப்பக்கம் வந்துறாதீங்ண்ணா" என்று தங்கச்சி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். பொதுப்பணித்துறையில் வாய்க்காலுக்கு மதகு திறந்து மூடியே ரிட்டையர் ஆனவன் நான். ஈரோடு தாண்டினாலே எனக்கு வெளியூர். பெட்டியில் ஒரு பவானி ஜமக்காளம், கொட்டைப்பாக்கு, மஞ்சள், பதினாறு பக்கம். கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் இறங்கினேன். வரவேற்க மூன்று பேர் நின்றார்கள். கீர்த்தனா, ஒட்டடைக்குச்சி போல ஒரு பையன், அவனுக்குப் பக்கத்தில் நெல் குதிர் போல ஒரு மனிதர். குதிருக்குப் பெரிய மீசை. என்னைக் கண்டதும் அந்த மனிதர் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். ஆகா, சம்பந்தி தங்கமான ஆள் என்று நானும் பெட்டியைப் போட்டுவிட்டுக் கையை விரித்தேன்.

அதற்குள் கீர்த்தனா "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மாமா, எளைச்சுப் போயிட்டீங்க மாமா!"

அவள் தோளுக்கு மேலே பார்த்தேன். குதிரின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. மீசையும் கீழே இறங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தார், கீர்த்தனாவைப் பார்த்தார், பிறகு விறைப்பாக ஒரு விரல் நுனியால் கை கொடுத்தார். அவர் பேர் வக்தாங். அந்த நிமிஷத்திலிருந்து நாலு நாள் என் முகத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

கீர்த்தனாவின் வீடு வில்லரே என்ற பகுதியில். இந்த ஊர்க்காரர்கள் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரும்புப் படி, முறுக்குப் பிழிந்ததுபோல வளைந்து போகிறது. ஆறு மாசம் பனி கொட்டும் ஊரில் எந்த மேஸ்திரி இப்படி ஒரு யோசனை சொன்னானோ! பெட்டியோடு ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வக்தாங் பின்னால் வந்தார், ஆனால் பெட்டியில் கை வைக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

சரி, படித்ததை எடுத்துவிடுவோம் என்று உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். கியாவுக்கு என் இங்கிலீஷ் புரியும், அவன் தன் பாஷையில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். "உங்க ஊர் பீச் பழம் உலகத்திலேயே பேர்போனதாமே. பருத்தியும் அப்படித்தானாமே. நீராவிப் படகு இன்னும் ஓடுதுங்களா?"

கியா பாதியில் நின்றுவிட்டான். கீர்த்தனா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஐயோ மாமா! இது அமெரிக்காவுல இருக்குற ஜார்ஜியா! இவங்க நாடு ரஷ்யாவுக்குக் கீழ இருக்கு!"

பதினாறு பக்கமும் போச்சு. வக்தாங் மகனிடம் ஏதோ கேட்டார். மகன் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னான்: "இவர் எந்த ஊருக்குப் பெண் கொடுக்க வந்திருக்கிறார் என்று அப்பா கேட்கிறார்."

அப்போதுதான் கவனித்தேன், அவன் அப்பாவை "மாமா" என்று கூப்பிடுகிறான். "ஏங்கண்ணு, அப்பான்னு சொன்னே, பையன் மாமாங்கறானே?" என்று கீர்த்தனாவிடம் தமிழில் கேட்டேன்.

"அவங்க பாஷையில அப்பாவுக்கு மாமா, அம்மாவுக்கு தேதா, தாத்தாவுக்குப் பாப்பா!"

தாத்தாவுக்குப் பாப்பாவா! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புரையேறி, கீர்த்தனா என் உச்சந்தலையில் தட்ட வேண்டியதாயிற்று. வக்தாங் சிரிக்கவில்லை. கீர்த்தனா என் தலையில் தட்டுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகனோடு அவன் இடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் கேன். மண்ணெண்ணெய் வாங்கும் கேன் போல ஐந்து லிட்டர். உள்ளே பழுப்பு மஞ்சளில் ஏதோ இருந்தது. "தொடாதீங்க மாமா" என்றாள் கீர்த்தனா. "அவர் தோட்டத்துத் திராட்சையில அவரே போட்ட ஒயின். மண்ணுக்குள்ள சாடியைப் புதைச்சு வெச்சு எடுப்பாங்களாம். சம்பந்தம் புடிச்சிருந்தா அவர் கையால திறப்பார். புடிக்கலேன்னா அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயிருவார். திங்கட்கிழமை ஃப்ளைட்டு அவருக்கு."

அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது. சின்ன வயதிலிருந்து எதற்கும் அழாத பெண்.

வியாழக்கிழமை மெட்ரோவில் தனியாகப் போய்வருவேன் என்று வீரம் பேசினேன். தமிழ்க்கடையில் வெற்றிலை வாங்க இரண்டே நிறுத்தம். எதிர்த்திசை ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன்வரை போய்விட்டேன். அங்கே இருந்த பெண்மணி பிரெஞ்சில் கேட்டதற்கெல்லாம் "மெர்சி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். நான் நாலாவது தடவை நன்றி சொன்னபோது அவரே கையைப் பிடித்து அழைத்துப்போய் சரியான ரயிலில் ஏற்றிவிட்டார்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "வெத்திலை நாளைக்குத்தான் வரும் அண்ணை, பேந்து வாங்கோ" என்றார். மனசில் இருந்ததை யாரிடமாவது கொட்ட வேண்டும்போல இருந்ததால் சம்பந்தி மீசையை இறக்கிய கதையைச் சொன்னேன்.

"நீங்கள் என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்ணுமே பேசலைங்க. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சி மாறிப்போச்சு."

"ஓம், அப்ப உங்கட மூஞ்சிதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அவர் முருங்கைக்காய் அடுக்கப் போய்விட்டார். இதற்கு இரண்டு ரயில் மாறி வந்தேன்.

வெள்ளிக்கிழமை வக்தாங் வந்து சமைத்தார். கொழுக்கட்டைதான், ஆனால் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. மேலே சுருக்குப்பை வாய் போல மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, குமிழ் வைத்திருந்தார். குமிழைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தைக் கடித்து, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்ச வேண்டுமாம். பார்க்கப் பார்க்க நாக்கில் தண்ணீர் ஊறியது. கேட்டால் உள்ளே ஆட்டுக்கறி. போச்சுடா! புரட்டாசி மாசம்.

"இந்த மாசம் நான் கறி தொடமாட்டேன்னு சொல்லுப்பா" என்றேன் கியாவிடம்.

வக்தாங் நிமிர்ந்தார். "விரதமா? எந்தப் பாவத்துக்கு?"

"பாவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பெருமாளுக்கு."

அவர் எனக்கு என்ன பாவம் என்று தெரிந்தவர்போல மெல்லத் தலையாட்டினார். என் முன்னால் ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் நகர்த்தி வைத்தார். நான் செய்த பாவம் எனக்கே தெரியாதபோது இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று எரிச்சல் வந்தது. வாத்துபோல ரொட்டியை மென்றேன்.

மென்றபடியே, சும்மா இருக்க மாட்டாமல், உங்கள் ஊர் எது என்று கேட்டேன். சொன்னார். ம்த்ஸ்கேத்தா! மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று ஆறாம் வகுப்பில் பிரம்படி வாங்கிப் படித்தவன் நான். இந்த ஊரில் மூன்று மெய்யெழுத்து கைகோத்துக்கொண்டு முதலில் நிற்கின்றன. "மத்தசுகேதா" என்றேன். "மிட்ஸ்கட்டா" என்றேன். மூன்றாவது தடவை தும்மினேன். அதுதான் கிட்டத்தட்ட சரி என்றான் கியா.

ஊர்ப்பேரை நான் கொலை செய்ததைத் தாங்க முடியாமல் வக்தாங் மேசையைத் துடைத்துவிட்டு ஊரையே கட்ட ஆரம்பித்தார். கத்தியை வைத்தார், அது ம்த்க்வாரி ஆறு, துருக்கிப் பக்கமிருந்து கலங்கலாக வருகிறது. கரண்டியைக் குறுக்கே வைத்தார், அது அரக்வி ஆறு, வடக்கே பனிமலையிலிருந்து தெளிவாக வருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் உப்புக் குப்பியை வைத்தார், அதுதான் ஊரும் பெரிய கோயிலும். எதிர்க்கரையில் கிண்ணத்தைக் கவிழ்த்தார், அது குன்று. அதன் உச்சியில் ஒரு மிளகு, அது ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக நிற்கும் சிலுவைக் கோயில்.

ராஜாக்கள் முதலில் இங்கேதான் இருந்தார்களாம். நாடு கிறிஸ்துவுக்கு மாறியதும் இங்கேதான். பிறகு ஒரு ராஜா தலைநகரைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். "போகட்டும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?" என்றார் வக்தாங். அவருக்கு அந்த இரண்டு ஊருக்கும் நடுவே வேன் ஓட்டுகிற வேலை. ராஜா ஒரே தடவை போன வழியில் அவர் தினம் நாலு தடவை போய்வருகிறார்.

கோயில் சுவரில் ஒரு கை செதுக்கியிருக்கிறதாம். இதைவிட நல்ல கோயில் கட்டிவிடக் கூடாது என்று கொத்தனார் கையை வெட்டிவிட்டதாகக் கதை. ரோமாபுரித் தளபதி காலத்துப் பாலம் ஒன்று, கீழே அணை கட்டியபோது மூழ்கிவிட்டது, தண்ணீர் வற்றினால் தலை காட்டும் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க மேட்டூர் அணையிலயும் அப்படித்தானுங்க! தண்ணி எறங்குனா நந்தி தெரியும், மாதா கோயில் கோபுரம் தெரியும்!" என்று எழுந்தே நின்றுவிட்டேன். வக்தாங்கின் மீசை ஒரு பக்கம் மேலே போனது. நானும் மகிழ்ந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துக் கீர்த்தனா அடுப்படியிலிருந்து "மாமா, உங்களுக்கு மோர் வேணுமா?" என்றாள். மீசை இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் கலைத்துக் கத்தியைக் கழுவப் போட்டுவிட்டார். இரண்டு ஆறும் கோயிலும் குன்றும் காணாமல் போயின.

சனிக்கிழமை அவர் வரவேயில்லை. கீர்த்தனா கியாவோடு போனில் வாதாடினாள். "மாமா, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாராம். பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா குடும்பம் நேர்மையா இல்லைன்னு மட்டும் சொன்னாராம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பவானியில் வந்து விசாரித்துப் பார்க்கட்டும்! ஒரு மதகுப் பலகை வீட்டுக்கு எடுத்துப் போனவன் இல்லை நான். யாரைப் பார்த்து நேர்மை இல்லை என்கிறான்? ஆனால் கீர்த்தனா படுக்கையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்ததும் கோபமெல்லாம் பயமாகிவிட்டது. இந்தப் பெண் வாழ்க்கையை என் மூஞ்சிதான் கெடுத்துவிட்டதோ?

ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சி. கியா படிக்கும் விவசாயக் கல்லூரி தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற இடத்தில் இருக்கிறது. நாலு பேரும் போய்ப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் சாப்பிடலாம் என்று பையன் அப்பாவைக் கெஞ்சி இழுத்துவந்தான். அவர் சமையலறையில் இருந்த கேனையும் கையோடு எடுத்துக்கொண்டார். திறக்கவா, திருப்பி எடுத்துப் போகவா என்று யாருக்கும் தெரியாது. நான் ஜமக்காளத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். வெற்றிலை கிடைத்திருந்தது, அதையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஜன்னலோரமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடியது. பிடித்துக்கொள்ளத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நல்லாப் பிடித்துத் தொங்கினேன். டிங் என்றது. பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை, கிளம்பியது. வளைவில் மறுபடி தொங்கினேன். டிங். மூன்றாவது தடவை டிரைவர் எழுந்தே வந்துவிட்டார். "ஐயா, நீங்கள் இறங்குகிறீர்களா, இல்லை நான் இறங்கட்டுமா?" என்று அவர் கேட்டதாகக் கியா சொன்னான். வக்தாங் டிரைவருக்கு ஆதரவாக ஏதோ முழங்கினார். கூட்டத்தில் தன் டிரைவர் இனத்தான் ஒருவனைக் கண்ட சந்தோஷம். இருவரும் என்னைச் சுட்டிக்காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் வக்தாங்கின் தொப்பை குலுங்குவதை நான் பார்த்துவிட்டேன்.

கரையில் இறங்கியதும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. ஐயா, மதகு! படகை ஏற்றி இறக்க ஆற்றோரமாக மதகு வைத்துக் கட்டிய கால்வாய்! கதவின் கீல், பலகை, பல்சக்கரம் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தேன். கீர்த்தனா இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. மேப்பிள் மரங்கள் மஞ்சளும் குங்குமமுமாக நின்றன. புல்லில் ஜமக்காளத்தை விரித்தேன்.

"இங்கேயும் இரண்டு ஆறு சேருகிறது" என்றான் கியா. "இந்தப் பழுப்புத் தண்ணீர் ஒட்டாவா ஆறு. அதோ, தூரத்தில் பச்சையாகத் தெரிவது செயின்ட் லாரன்ஸ்."

பார்த்தேன். பழுப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். எங்கள் கூடுதுறையிலும் இப்படித்தான், மழைக்காலத்தில் பவானி ஒரு நிறம், காவிரி ஒரு நிறம், கொஞ்ச தூரம் ஒட்டாமலே போகும். வக்தாங்கும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் கத்தியும் கரண்டியும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தேன். கியா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். "எங்க ஊரும் ரெண்டு ஆறு சேர்ற ஊருங்க. மூணாவதா ஒண்ணு கண்ணுக்குத் தெரியாம வந்து சேருதுன்னு சொல்லுவாங்க. அதனால செத்தவங்க அஸ்தியை அங்கதான் கரைப்போம். இவ அப்பா அஸ்தியை நான்தான் கரைச்சேன். அவருக்கு ஆம்பளப் புள்ள இல்ல. இடுப்பளவுத் தண்ணியில நின்னேன். இவ படியில உட்கார்ந்து, 'அப்பாவுக்கு நீச்சல் தெரியாது மாமா, பார்த்து விடுங்க'ன்னா."

கியா கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. வக்தாங் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"யாருடைய அஸ்தி?"

"இவ அப்பாவோடதுங்க."

"இவள் அப்பா இறந்துவிட்டாரா?"

"அதான் முன்னமே சொன்னாங்களே!"

"அப்படியானால்," என்று வக்தாங் எழுந்து நின்று என்னை நோக்கி விரலை நீட்டினார், "நீ யார்?"

"நான் மாமாங்க!"

"அதைத்தான் நானும் சொல்கிறேன்! நீ மாமா!"

இரண்டு பேரும் மாமா, மாமா என்று கத்தினோம். அந்த மாண்ட்ரியல் ஆற்றங்கரையில் நாய் கூட்டிவந்தவர்கள் நாயோடு நின்று பார்த்தார்கள். கீர்த்தனா திடீரென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கியா அப்படியே புல்லில் சாய்ந்துவிட்டான். எனக்கு மட்டும்தான் கடைசியாக உறைத்தது. அவர் பாஷையில் மாமா என்றால் அப்பா. செத்துப்போனதாகச் சொன்ன அப்பா, விமானத்தில் வந்து இறங்கி, பீச் பழம் பேசி, மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்! குடும்பத்தை விட்டு ஓடிப்போன அப்பன், பாவம் தீர விரதம் இருக்கிறான் என்று அந்த மனிதர் நாலு நாளாக என்னைப் பற்றி நினைத்திருக்கிறார்.

"அம்மாவின் அண்ணன்" என்று கியா மூன்று தடவை சொன்னான். வக்தாங் தன் நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு விமான நிலையத்தில் பாதியில் விட்ட காரியத்தை முடித்தார். என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். என் விலா எலும்பு இன்றுவரை அதைச் சொல்லும்.

கேன் திறந்தது. முதலில் அவர் யாருக்கும் ஊற்றவில்லை. ரொட்டியைப் பிய்த்து, அதன்மேல் ஒயினைச் சொட்டவிட்டு, ஆற்றைப் பார்த்து என்னவோ சொன்னார். இறந்தவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதையாம். என் மச்சான் பேரைக் கேட்டார். "சுப்பிரமணி" என்றேன். ம்த்ஸ்கேத்தாவை நான் சொன்னதற்கு அவர் பழிவாங்கினார், பேரை மூன்று துண்டாக உடைத்தார். ஆனால் சொன்னார். கீர்த்தனா அப்போதுதான் அழுதாள்.

புரட்டாசிக்கு ஆகாது என்றுதான் நான் முதலில் சொன்னேன். திராட்சை சைவம்தானே என்றான் கியா. பையன் படித்தவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மூன்று டம்ளர் சைவம் உள்ளே போனது. ஜமக்காளத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றினோம். வக்தாங் வெற்றிலையைக் காம்போடு வாயில் போட்டு மென்று, இது என்ன பாவத்துக்கு என்று கேட்டார்.

பிறகு அவர் கீர்த்தனாவைக் காட்டி, இவள் தன் அப்பாவை எப்படிக் கூப்பிடுவாள் என்றார். இத்தனை நாளும் அவரைக் கூப்பிட அவளுக்கு ஒரு சொல் அகப்பட்டதில்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்பா" என்றேன்.

"அப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "வேண்டாம். அந்தச் சொல் அந்த மனிதருடையது. அவரிடமே இருக்கட்டும். என்னை என்ன கூப்பிடுவாள்?"

எங்கள் ஊரில் மருமகள் மாமனாரை எப்படிக் கூப்பிடுவாள் என்று நான் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நான் முன்னால், வக்தாங் பாடிக்கொண்டே எனக்குக் கொஞ்சம் பின்னால். கீர்த்தனா தூரத்திலிருந்து சத்தமாக "மாமா!" என்று கூப்பிட்டாள். இருபத்தேழு வருஷமாக அந்தக் குரலுக்குத் திரும்பிய கழுத்து, தானாகவே திரும்பியது. "என்ன கண்ணு?" என்றேன்.

"உங்களை இல்ல மாமா" என்றாள்.